மட்கார்டு இருக்கை அல்ல

புது டிராக்டர் வீட்டுக்கு வந்தால் நம்ம ஊரில் என்ன செய்வோம்? சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். அடுத்து, வீட்டுப் பிள்ளைகளை ஆளுக்கொரு மட்கார்டில் தூக்கி உட்கார வைத்து, மாரியம்மன் கோயில் வரை ஒரு சுற்று போய் வருவோம். யாருக்கும் அது தப்பாகத் தெரிவதில்லை. பிள்ளைகளுக்குச் சந்தோஷம், பெரியவர்களுக்குப் பெருமை.

ஆனால் அந்த டிராக்டரைச் செய்தவர்கள் அதில் எத்தனை இருக்கை வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுதான். 45 எச்.பி. எஞ்சின், இரண்டு டன்னை நெருங்கும் எடை, ஆளுயரச் சக்கரம் எல்லாம் கொடுத்தவர்களுக்கு இன்னொரு இருக்கை வைக்கத் தெரியாமல் இல்லை. இன்னொருவர் உட்காரக் கூடிய வண்டி அது இல்லை என்பதால்தான் வைக்கவில்லை.

நம் இதழில் விதை பற்றியும் மண் பற்றியும் நிறைய எழுதுகிறோம். பிள்ளைகள் தட்டில் நஞ்சு விழக்கூடாது என்றுதான் நம்மில் பலர் இயற்கை வழிக்கே வந்தோம். பூச்சிக்கொல்லிப் புட்டியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது மட்டுமல்ல, வீட்டுக்குள்ளேயே அது வரக்கூடாது என்று முடிவெடுத்தவர்கள் நாம். அதே கவனம் இயந்திரங்கள் விஷயத்தில் நம்மிடம் இருக்கிறதா? நேர்மையாகச் சொன்னால் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பரம்புப் பலகையிலிருந்து மட்கார்டுக்கு

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். மாடு பூட்டிப் பரம்படித்த காலத்தில், பலகை மேல் பாரத்துக்காகச் சின்னப் பசங்களை உட்கார வைப்பார்கள். சேற்றில் வழுக்கிக்கொண்டு போகும் அந்தச் சவாரிக்காகப் பசங்க சண்டை போட்டுக்கொள்வார்கள். தவறி விழுந்தால் என்ன ஆகும்? மேலெல்லாம் சேறு, சுற்றிலும் சிரிப்பு, அவ்வளவுதான். விழுந்த பையன் பலகைக்குப் பின்னால் கிடப்பான். மாடோ "ஹோ" என்ற ஒரு சத்தத்தில் நின்றுவிடும். தன் காலடியில் பிள்ளை கிடந்தால் மிதிக்காமல் தயங்கி நிற்கும் மாடுகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

மாட்டோடு ஒரு படிப்படியான பயிற்சியும் இருந்தது. முதலில் மாட்டுக்குத் தண்ணி காட்டுவது, பிறகு மேய்ச்சலுக்கு ஓட்டிப் போவது, பிறகு பரம்புப் பலகை. மேழி பிடிப்பது கடைசியில்தான். கையில் பலம் வந்த பிறகுதான் ஏர் கைக்கு வரும். அதற்கு முன் பிடித்தால் கலப்பை மண்ணில் இறங்காது. வயது வரவில்லை என்பதைக் கலப்பையே காட்டிவிடும்.

டிராக்டர் அப்படிக் காட்டாது. எட்டு வயதுப் பையன் சாவியைத் திருப்பினாலும் அது கிளம்பும். அவன் காலுக்கு பிரேக் எட்டுமா என்று அது கேட்காது. டிராக்டர் சாணி போடாது என்று நம் கூட்டங்களில் சொல்வோம். அதற்குக் கண்ணும் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாட்டோடு பழகிய மனசு மாறாமல் இருக்கிறது, அந்த இடத்துக்கு வந்திருக்கும் பொருள் முற்றிலும் வேறு. சிக்கலே இதுதான்.

மட்கார்டிலிருந்து விழுந்தால்

"மெதுவாத்தானே ஓட்டுறேன், என்ன ஆயிடப் போவுது?" என்பதுதான் எல்லோரும் சொல்கிற பதில். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம் என்பது மனிதர் நடக்கிற வேகம். அந்த வேகத்தில் டிராக்டர் ஒரு விநாடியில் ஏறக்குறைய 1.4 மீட்டர் நகரும். மட்கார்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை வரப்பு ஏறும்போது குலுங்கி முன்பக்கமாக விழுந்தால், பின்சக்கரத்துக்கு நேர் முன்னால் விழும். சக்கரத்துக்கும் பிள்ளைக்கும் இடையே ஒரு முழம்கூட இருக்காது. ஓட்டுகிறவர் திரும்பிப் பார்த்து, புரிந்துகொண்டு, கிளட்சை மிதிக்கக் குறைந்தது ஒரு விநாடி ஆகும். அதற்குள் சக்கரம் ஏறிவிடுகிறது. இது ஓட்டுநரின் திறமையைப் பொறுத்த விஷயமே இல்லை. முப்பது வருஷம் ஓட்டியவருக்கும் அதே ஒரு விநாடிதான்.

பின்பக்கமாக விழுந்தால் ரோட்டவேட்டர் சுழன்றுகொண்டிருக்கும். சேற்றுழவில் கேஜ் வீல் மாட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ரப்பர் டயருக்குப் பதில் இரும்புப் பட்டைகள். பிள்ளை சேற்றில் விழுந்த சத்தமும் எஞ்சின் இரைச்சலில் கேட்காது.

பிடித்துக்கொள்ளச் சரியான கைப்பிடி இல்லை, கட்டிக்கொள்ள பெல்ட் இல்லை, கால் ஊன்ற இடம் இல்லை. பிள்ளையோ வேடிக்கை பார்த்துக்கொண்டு, பாதித் தூக்கத்தில் உட்கார்ந்திருக்கும். மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவதும் இதற்குச் சளைத்ததல்ல. ஒரு கை பிள்ளையைப் பிடித்திருக்க, ஒரு கையால் ஸ்டியரிங் பிடிக்கிறவர் வழக்கமான கட்டுப்பாட்டில் பாதியை இழந்துவிடுகிறார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கலப்பை ஆழமாக இறங்கவில்லை என்றால் அதன் மேல் ஒரு ஆளை, பெரும்பாலும் ஒரு பையனை, ஏற்றி விடுவது. பாரம் வேண்டுமானால் மண் மூட்டையை இறுக்கிக் கட்டுங்கள். கல் கட்டினாலும் விழாமல் கட்டுங்கள். பிள்ளை பாரக்கல் அல்ல.

டிராக்டர் ஏன் பின்பக்கம் குப்புற விழுகிறது

பக்கவாட்டில் கவிழ்வது எல்லோருக்கும் புரியும். வரப்பு ஓரத்தில் ஒரு சக்கரம் இறங்கினாலோ, வேகமாகத் திரும்பினாலோ சாயும். ஆனால் முன்சக்கரம் தூக்கி, குதிரை எழுவதுபோல் எழுந்து, ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்து விழுவது ஏன் என்று பலருக்குத் தெரிவதில்லை. இதை ஒவ்வொரு இளைஞனுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எஞ்சின் பின் அச்சைச் சுற்றுகிறது, அச்சு சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரம் சுழல முடிந்தால் வண்டி நகரும். சக்கரம் சேற்றிலோ வாய்க்காலிலோ இறுகிப் பதிந்துவிட்டால் அது சுழலாது. அப்போதும் எஞ்சின் தன் பலத்தைக் கொடுத்துக்கொண்டேயிருக்கிறது. சக்கரம் சுழலாதபோது, அச்சைச் சுற்றி டிராக்டரின் உடம்பு சுழலத் தொடங்குகிறது. முன்பக்கம் மேலே எழும்புகிறது. திரும்பி வர முடியாத நிலைக்கு அது போய்ச் சேர முக்கால் விநாடி போதும் என்பது வேளாண் பொறியியலில் சொல்லப்படும் கணக்கு. "முன்னாடி தூக்குதே" என்று மூளை உணர்வதற்கும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகும்.

இது நடக்கும் சந்தர்ப்பங்கள் நமக்குப் பழகியவையே.

சேற்றில் மாட்டிய டிராக்டரை எடுக்க, பின்சக்கரத்துக்கு முன்னால் கட்டையோ பனைமட்டையோ கல்லோ போட்டு முன்பக்கமாக ஏற்றப் பார்ப்பது. சக்கரம் கட்டையில் மோதி நின்றால், எழும்புவது உடம்புதான். சேற்றில் மாட்டினால் ரிவர்ஸில் எடுத்துப் பாருங்கள். வரவில்லையா, எஞ்சினை நிறுத்திவிட்டு இன்னொரு டிராக்டரைக் கூப்பிடுங்கள்.

மரத்தடியை, வேர்க்கட்டையை இழுக்கச் சங்கிலியை டாப் லிங்க் இருக்கும் உயரத்தில் கட்டுவது. இழுவை எப்போதும் கீழே டிராபாரில்தான் இருக்க வேண்டும். அச்சுக்கு மேலே கட்டினால், இழுக்கிற பாரமே டிராக்டரைப் பின்னால் சாய்க்கும்.

செங்குத்தான கரையில் முன்பக்கமாக ஏற்றுவதும், கிளட்சை வெடுக்கென விடுவதும் அதே கதைதான்.

வாய்க்கால், ஓடை ஓரம் உழும்போது ஒரு எளிய அளவு உண்டு. பள்ளம் எவ்வளவு ஆழமோ, குறைந்தது அவ்வளவு தூரம் கரையிலிருந்து தள்ளி ஓட்ட வேண்டும். ஆறடி ஆழ வாய்க்கால் என்றால் ஆறடி தள்ளி. கரை மண் மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் ஊறி நெகிழ்ந்திருக்கும். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு உள்ள தோட்டங்களில் இது இன்னும் முக்கியம்.

நம் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றில் கவிழ்ந்தால் தாங்கும் இரும்புச் சட்டம் கிடையாது. வெயிலுக்குப் போட்டிருக்கும் மேல்கூரை அந்த வேலையைச் செய்யாது. சுவீடன் நாட்டில் 1959 முதல் புது டிராக்டர்களில் இந்தப் பாதுகாப்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கினார்கள். அதன் பிறகு அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாகிறவர்கள் எண்ணிக்கை பல பத்தாண்டுகளில் ஏறக்குறைய இல்லை என்கிற அளவுக்குக் குறைந்தது. புதிதாக வாங்குகிறவர்கள் விற்பனையாளரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் ஒன்று, அந்தச் சட்டமும் பெல்ட் போட்டு இருக்கையில் இருப்பவரைத்தான் காக்கும். மட்கார்டில் இருக்கும் பிள்ளை வெளியே எறியப்படும், சில நேரம் அந்தச் சட்டத்துக்கு அடியிலேயே.

சுழலும் தண்டு, பறக்கும் துணி

மூடாக்குக்காகத் தென்னை மட்டையைத் தூளாக்கும் இயந்திரம் இன்று பல இயற்கைப் பண்ணைகளில் இருக்கிறது. அதை ஓட்டுவது டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு. நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் விநாடிக்கு 9 சுற்று. தண்டின் சுற்றளவு ஒரு சாண் அளவு இருந்தால், துப்பட்டா முனை அதில் பட்ட ஒரே விநாடியில் இரண்டு மீட்டர் துணி சுற்றப்பட்டுவிடும். துப்பட்டா, முந்தானை, லுங்கி, தொங்கும் துண்டு, பின்னல் எதுவானாலும் சரி. இழுத்து விடுவிக்க நேரமே கிடையாது.

தண்டுக்குப் பிளாஸ்டிக் உறை ஒன்று வந்திருக்கும். கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று கழற்றி எறிந்திருப்போம். அதை வாங்கி மாட்டுங்கள். ஓடும் தண்டைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள், பிள்ளைகள் பார்க்கும்போது கட்டாயம் கூடாது. நாம் தாண்டினால் அவர்களும் தாண்டுவார்கள். தீவனம் நறுக்கும் இயந்திரத்துக்கும் இதே விதிதான். பிள்ளை உருளைக்குத் தட்டை ஊட்டுவது உதவி அல்ல, ஆபத்து.

இன்னொன்றையும் பிள்ளைகள் நம்மைப் பார்த்தே கற்கிறார்கள். பழைய டிராக்டரில் சாவி வேலை செய்யவில்லை என்று, தரையில் நின்றபடி ஸ்டார்ட்டர் முனைகளை ஸ்க்ரூடிரைவரால் இணைத்துக் கிளப்புவது. வண்டி கியரில் இருந்தால் அப்படியே நகரும். நிற்கிறவர் பின்சக்கரத்துக்கு முன்னால் இருப்பார். இருக்கையில் உட்கார்ந்து, நியூட்ரலில் வைத்து, சாவி போட்டுக் கிளப்புவது ஒன்றே முறை. சாவி பழுதென்றால் சரிசெய்துவிட்டு ஓட்டுங்கள்.

பவர் வீடர்: நம் வீட்டுப் பையனின் முதல் இயந்திரம்

களைக்கொல்லி வேண்டாம் என்று நாம் முடிவு செய்த பிறகு, கை களைக்கு ஆளும் கிடைக்காமல் போன பிறகு, பவர் வீடர் நம் தோட்டத்துக்குள் வந்தது. நல்ல கருவிதான். ஆனால் சின்னதாக இருப்பதால் "பையனே ஓட்டட்டும்" என்று விடுகிறோம். டிராக்டரில் கத்தி நமக்குப் பின்னால் சுழல்கிறது. பல பவர் வீடர்களில் அது நம் கால்விரலுக்கு இரண்டடி முன்னால் சுழல்கிறது. வேர்க்கட்டையிலோ கல்லிலோ கத்தி மோதினால் இயந்திரம் துள்ளும். அதை அமுக்கிப் பிடிக்க உடம்பில் எடை வேண்டும்.

மிக ஆபத்தான நேரம் ரிவர்ஸ் போடுவது. கைப்பிடி மேலே எழும்பி ஆளைப் பின்னால் தள்ளும். பின்னால் மரமோ வரப்போ இருந்து, கால் தடுக்கி விழுந்தால் சுழலும் கத்தி கால் மேல் ஏறும். அதனால் ரிவர்ஸ் எடுக்கும் முன் கத்தியின் சுழற்சியை நிறுத்தியாக வேண்டும். கையை விட்டால் தானாக நிற்கும் லீவர் பல மாடல்களில் உண்டு. கை வலிக்கிறது என்று சிலர் அதைச் சைக்கிள் டியூப் ரப்பரால் கட்டிவிடுகிறார்கள். உயிர் காக்கத்தான் அந்த லீவர் இருக்கிறது. கட்டியிருந்தால் இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள்.

பவர் டில்லரில் புதியவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. சமதளத்தில் இடது கிளட்சைப் பிடித்தால் இடது பக்கம் திரும்பும். இறக்கத்தில் இறங்கும்போது அதே இடது கிளட்சைப் பிடித்தால் வலது பக்கம் திரும்பிவிடும். காரணம், கிளட்ச் பிடித்ததும் அந்தச் சக்கரம் எஞ்சினின் பிடியிலிருந்து விடுபட்டுச் சரிவில் வேகமாக உருள்கிறது. மறு சக்கரத்தை எஞ்சின் பிடித்து வைத்திருக்கிறது. வாய்க்கால் கரையிலிருந்து இறங்கும் பையன் பள்ளத்தை விட்டு விலக நினைத்து, நேராகப் பள்ளத்துக்குள் போவது இதனால்தான். இறக்கத்தில் கிளட்சைத் தொடாமல், மெதுவான கியரில், கைப்பிடியைத் தள்ளித்தான் திருப்ப வேண்டும்.

"அவனுக்கு என்னைவிட நல்லா ஓட்டத் தெரியும்"

பதிமூன்று, பதினாலு வயதுப் பையன்களைப் பற்றி அப்பாமார்கள் பெருமையாகச் சொல்வது இது. உண்மையும்கூட. ஸ்டியரிங் திருப்ப, கியர் மாற்ற, ரோட்டவேட்டர் தூக்க அவன் நன்றாகவே கற்றிருப்பான். ஓட்டத் தெரிவது ஒன்று. ஓட்டக் கூடாத இடத்தைத் தெரிந்து நிறுத்துவது வேறு.

உடம்பை எடுத்துக்கொள்ளுங்கள். கிளட்சை முழுதாக மிதிக்க அவன் இருக்கையின் நுனிக்குச் சறுக்கி வர வேண்டியிருக்கும். அப்போது ஸ்டியரிங்கைப் பிடித்தே உடம்பைத் தாங்குவான். பானெட்டுக்கு முன்னால் தரை அவனுக்குத் தெரியாது. டிராக்டரில் இடம், வலம் என்று இரண்டு பிரேக் உண்டு. ரோட்டில் போகும்போது இரண்டையும் கொக்கியால் இணைக்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சுழன்று கவிழும். அவசரத்தில் ஒன்றையே மிதிப்பது பயம் பிடித்த சின்ன வயதில் இயல்பு.

அடுத்தது மனசு. "இந்தப் பக்கம் ஈரமாயிருக்கு, வேண்டாம்" என்று முடிவெடுக்க அனுபவம் மட்டுமல்ல, வயதும் வேண்டும். நாலு பசங்க பார்க்கிறார்கள் என்றால் அந்த வயதில் வேகம் கூடும். யாரும் அதற்காகப் பையனைத் திட்ட வேண்டியதில்லை. அந்த வயது அப்படித்தான். சாவியை யாரிடம் கொடுக்கிறோம் என்பதுதான் நம் பொறுப்பு.

மற்ற நாடுகள் பட்டுத் தெரிந்துகொண்டது

அமெரிக்காவில், ஆஸ்திரேலியாவில் பண்ணைகளில் ஏ.டி.வி. என்ற தடித்த டயர் வண்டி ஓட்டுவார்கள். மோட்டார் சைக்கிள்போல் கால் போட்டு உட்கார்ந்து, காடு மேடு எங்கும் போகும் வண்டி. நம் ஊரில் கடற்கரையிலும் மலை ஊர் விடுதிகளிலும் காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளை ஏற்றுகிறார்களே, அதுதான். ஆரம்பத்தில் அது மூன்று சக்கரத்தோடு வந்தது. விளையாட்டுச் சாமான்போல் இருந்ததால் பெற்றோர்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். சாவும் ஊனமும் பெருகியபின், 1988-ல் அந்நாட்டு அரசோடு செய்த உடன்பாட்டின்படி நிறுவனங்கள் மூன்று சக்கர வண்டி விற்பதை நிறுத்தின. பெரியவர்களுக்கான அளவுள்ள வண்டியை 16 வயதுக்குட்பட்டவர்கள் ஓட்டக்கூடாது என்று எச்சரிக்கையும் ஒட்டின. அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், 16 வயதுக்குக் கீழே எந்த அளவு ஏ.டி.வி.யும் வேண்டாம் என்கிறது.

நாலு சக்கரமானதும் ஆபத்து நீங்கிவிடவில்லை. அகலம் குறைவு, எடை மேலே இருக்கிறது. திருப்பத்திலும் சரிவிலும் ஓட்டுகிறவர் தன் உடம்பைச் சாய்த்துத்தான் வண்டியைச் சமன் செய்ய வேண்டும். முப்பது கிலோப் பிள்ளை எவ்வளவு சாய்ந்தாலும் முந்நூறு கிலோ வண்டி கேட்காது. கவிழ்ந்தால் அடியிலிருந்து நகரவும் முடியாது. ஆஸ்திரேலியா 2019-ல் புது விதி கொண்டுவந்து, 2021 அக்டோபர் முதல் விற்கும் பண்ணை வண்டிகளில் கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் அமைப்பு இருக்க வேண்டும் என்றது.

இதிலிருந்து நமக்கு இரண்டு பாடம். சுற்றுலா போகும் இடத்தில் "சார், குழந்தையும் ஓட்டலாம்" என்று கூப்பிட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முக்கியமான பாடம் அடுத்தது. வண்டி சின்னதோ பெரியதோ, அதைக் கட்டுப்படுத்தும் எடையும் எட்டும் நிதானமும் ஓட்டுகிறவரிடம் இருக்க வேண்டும். அமெரிக்காவில் அடுத்தவர் பண்ணையில் கூலிக்கு வேலை செய்யும் 16 வயதுக்குட்பட்டவர், 20 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டரைப் பயிற்சிச் சான்று இல்லாமல் ஓட்டக்கூடாது. ஆனால் சொந்தப் பெற்றோரின் பண்ணையில் அந்த விதி செல்லாது. ஊரான் பிள்ளைக்குக் காவல் உண்டு, தன் பிள்ளைக்கு இல்லை! இந்த ஓட்டையைச் சட்டத்தால் அடைக்க முடியாது, பெற்றோர்தான் அடைக்க வேண்டும்.

நம் சட்டமும் காப்பீடும்

நம் நாட்டில் டிராக்டரைப் பொதுச் சாலையில் ஓட்ட 18 வயதும் உரிமமும் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 199ஏ பிரிவின்படி, 18 வயது ஆகாதவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வண்டிச் சொந்தக்காரரோ குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. "வயலுக்குள்ளதானே ஓட்டுறான்" என்பீர்கள். வயலுக்குப் போக ரோட்டைத் தாண்டித்தானே போகிறோம்?

மட்கார்டில் வந்தவருக்கு ஏதாவது ஆனால், அது ஆள் ஏற்றும் இடமே இல்லை என்று காப்பீட்டு நிறுவனங்கள் வாதிடுகின்றன. நீதிமன்றங்கள் பல வழக்குகளில் அதை ஏற்றிருக்கின்றன. டிரெய்லருக்கும் இதே பேச்சுதான். 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப்பிரதேசத்தின் கான்பூர் மாவட்டத்தில், கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களோடு வந்த டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மொட்டை, காதுகுத்து, திருவிழா என்று நாமும் டிரெய்லரில் ஊரையே ஏற்றிக்கொண்டு போகிறவர்கள்தான்.

அப்ப பிள்ளைங்க வயலுக்கே வரக்கூடாதா?

கட்டாயம் வர வேண்டும். வராமல் போனால் நமக்குப் பின்னால் இந்த மண்ணைப் பார்க்க ஆள் இருக்காது. ஆனால் பிள்ளையை நிலத்துக்கு இழுக்க டிராக்டர் ஒன்றுதான் தூண்டில் என்று நினைப்பது தவறு. மட்கார்டில் உட்கார்ந்து வரும் பிள்ளை பயிரைப் பார்ப்பதில்லை, வண்டியைத்தான் பார்க்கிறது. வயலின் சுவை தெரிய வேண்டுமானால் காலை மண்ணில் வைக்க வேண்டும்.

எங்கள் பகுதிக் குழுவில் பேசி வைத்திருக்கும் ஒழுங்கைச் சொல்கிறேன். உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

பன்னிரண்டு வயதுக்குள்: எஞ்சின் ஓடும்போது வயலில் இறங்கக்கூடாது. வரப்பில் அல்லது களத்தில் ஒரு மரத்தடியை அவர்கள் இடமாகக் குறித்து, ஒரு பெரியவர் கூட இருக்க வேண்டும். அவர்களுக்கு வேலையா இல்லை? பஞ்சகவ்யத்தைக் காலையும் மாலையும் கலக்குவது, நல்ல கதிர் பார்த்து விதைக்கு எடுப்பது, பொறிவண்டும் சிலந்தியும் எத்தனை என்று எண்ணுவது, கோழி, ஆடு பார்ப்பது.

பன்னிரண்டு முதல் பதினைந்து வரை: எஞ்சின் நின்ற நிலையில் இயந்திரத்தைப் படிக்கலாம். ஆயில் அளவு பார்ப்பது, ஏர் ஃபில்டர் சுத்தம் செய்வது, டயர் காற்று பார்ப்பது, ஒவ்வொரு பாகமும் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது. மேலே எழுதிய கவிழும் கணக்கை மணலில் படம் போட்டுச் சொல்லிக்கொடுங்கள். ஓட்டுவது கிடையாது.

பதினாறுக்குப் பிறகு: கால் பிரேக்குக்கு முழுதாக எட்டினால், காய்ந்த சமதள வயலில், பின்னால் கருவி எதுவும் மாட்டாமல், பெரியவர் தரையில் நின்று பார்க்க, பழகலாம். பவர் வீடரும் இந்த வயதில்தான், ஷூ போட்டு. சேற்றுழவு, கரை, சரிவு, ரோடு, இரவு வேலை எதுவும் கிடையாது.

பதினெட்டு முடிந்து உரிமம் எடுத்த பிறகு: தனியாக ஓட்டலாம்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சில:

இறங்கும் ஒவ்வொரு முறையும் கருவியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். டீ குடிக்கப் போகும் ஐந்து நிமிடமும் இதில் சேர்த்திதான்.

கிளப்பும் முன் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும் முன், பிள்ளைகள் எங்கே என்று ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வாடகைக்கு டிராக்டர் வந்தால் ஓட்டுநர் தம்பியிடம் முதலிலேயே சொல்லுங்கள்: "எங்க வீட்டுப் பிள்ளைங்க கேட்டாலும் ஏத்தாதீங்க தம்பி." அவர் உங்கள் மனம் கோணக்கூடாது என்றுதான் ஏற்றுகிறார். நீங்கள் சொன்னால் அவருக்கும் நிம்மதி.

தாத்தா, பாட்டி, மாமன் எல்லோருக்கும் ஒரே விதி. "இன்னைக்கு ஒரு நாள்" என்று ஒருமுறை ஏற்றினால் மறுநாள் பிள்ளை தானாக ஓடிவந்து ஏறும், ஓடும் வண்டியில்கூட.

விபத்து நடந்துவிட்டால்

முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். 108-க்கு ஒருவர் அழைக்க, ஒருவர் ரோட்டில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழி காட்டட்டும். நம் தோட்டங்களுக்கு முகவரி சொல்வது கடினம், அதனால் பக்கத்துக் கோயில், பள்ளி, மின்கம்ப எண் எதையாவது முன்பே எழுதி மோட்டார் அறையில் ஒட்டி வையுங்கள். கத்தியில் கால் மாட்டியிருந்தால் ரிவர்ஸில் சுற்றி எடுக்கப் பார்க்காதீர்கள். கவிழ்ந்த டிராக்டரை அவசரத்தில் கயிறு கட்டி இழுத்தால் அது மறுபடி சரிந்து நசுக்கும், முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் தொட வேண்டும். இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தபடியே இருங்கள். காபித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். மாதக் கூட்டத்தில் விதைப் பகிர்வு முடிந்ததும் கால் மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். ஒரு டிராக்டரை நிறுத்தி வைத்து, இருக்கையில் ஒருவரை உட்கார வைத்து, மட்கார்டில் ஒரு பூசணிக்காயை வையுங்கள். மெதுவாகத்தான், நடக்கிற வேகத்தில்தான், ஒரு வரப்பு ஏற்றிக் காட்டுங்கள். யாரும் பேச வேண்டியதில்லை. பூசணிக்காய் எங்கே விழுகிறது, சக்கரம் எப்போது நிற்கிறது என்பதைப் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்தே, தள்ளி நின்று பார்க்கட்டும்.